எதனால் செய்வது?

இயற்பியல் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் நான் பணியாற்றிய காலத்தில், "ஐயா, உலகிலேயே மிகவும் உறுதியான பொருள் எது?" என்னும் கேள்வி எழாத ஆண்டே இல்லை எனலாம். எஃகு என்பான் ஒருவன். வைரம் என்பான் மற்றொருவன். நானோ விடை கூறாமல், "எதைச் செய்வதற்கு?" என்று திருப்பிக் கேட்பேன். பாலத்தின் தூணுக்கா, விமானத்தின் இறக்கைக்கா, கால் நலிந்த குழந்தை அணியும் தாங்கிக்கா? தூண் நின்ற இடத்தில் நிற்பது. அது எத்துணை கனத்தாலும் பெரிதாகக் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. இறக்கையும் தாங்கியும் தம் எடையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நகர வேண்டியவை. அத்தகைய உறுப்புகளுக்குப் பொருள் தேர்வது எவ்வாறு என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று விறைப்பு, மற்றொன்று வலிமை. சுமை ஏற்றும்போது ஒரு பொருள் எவ்வளவு குறைவாக வளைந்து கொடுக்கிறதோ அவ்வளவுக்கு அது விறைப்பானது. முறிவதற்கோ, மீளாதபடி வளைந்துபோவதற்கோ முன்னால் எவ்வளவு சுமையைத் தாங்குகிறதோ அவ்வளவுக்கு அது வலிமையானது. கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி சிறிதும் வளையாது. ஆனால் கீழே விழுந்தால் இரண்டாகும். அது விறைப்புடையது, வலிமையற்றது. தோல்வார் இதற்கு நேர்மாறு; எப்படி வளைத்தாலும் வளையும், எளிதில் அறாது. பேச்சு வழக்கில் நாம் இரண்டையுமே 'உறுதி' என்று சொல்லிவிடுகிறோம். பொறியியலில் அந்த மயக்கம் ஆகாது.

இதற்கு ஒரு சோதனை உண்டு. இரம்பத் தகடு ஒன்றையும், அதே நீள அகலமும் தடிப்பும் உள்ள மெல்லிரும்புப் பட்டை ஒன்றையும் மேசையின் விளிம்பில் இறுக்கிப் பொருத்தி, முனையில் ஒரே அளவான எடைகளைத் தொங்கவிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தாழும்! எடையை மேலும் மேலும் கூட்டிய பிறகே வேறுபாடு தெரியவரும். மெல்லிரும்பு வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். இரம்பத் தகடு நிமிர்ந்துவிடும். கொல்லன் காய்ச்சித் தோய்ப்பதனால் எஃகின் வலிமை பன்மடங்கு உயர்கிறது, விறைப்போ மாறுவதில்லை. ஆதலால், ஓர் உறுப்பு அளவுக்கு மீறி வளைகிறது என்பதற்காக விலை உயர்ந்த எஃகை வாங்குவது வீண் செலவு. இந்த ஒரு செய்தியை மறவாத மாணவன் தொழிற்சாலைக்குப் போனால் பிழைத்துக்கொள்வான் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

விறைப்பை அளப்பதற்குரிய எண்ணுக்கு யங் குணகம் என்று பெயர். 1807ஆம் ஆண்டு வெளியான தம் சொற்பொழிவு நூலில் தாமஸ் யங் என்னும் ஆங்கில மருத்துவர் இக்கருத்தை எடுத்துரைத்தார். கிகாபாஸ்கல் என்னும் அலகில் சொல்வதானால் எஃகுக்கு இது சுமார் 210, டைட்டானியத்துக்கு 110 அல்லது சற்று மேல், அலுமினியத்துக்கு 70, மக்னீசியத்துக்கு 45. எஃகு வெகுதூரம் முந்தி நிற்கிறது அல்லவா? இனி ஒவ்வொன்றையும் அதனதன் அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7, மக்னீசியம் 1.74. வகுத்து வரும் ஈவு நான்கிலும் ஏறத்தாழ 25 முதல் 27 வரை! விமானம் செய்யப் பயன்பட்ட ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு மரத்துக்கு நாரின் போக்கில் குணகம் சுமார் 10, அடர்த்தி 0.4. அதற்கும் ஈவு 25தான். இயற்கை ஏதோ வேடிக்கைக்காகச் செய்துவைத்தது போன்ற ஒற்றுமை இது.

அப்படியானால் எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். இருபுறமும் பிடித்து நேராக இழுக்கப்படும் கம்பிக்கு, அதன் நீட்சி ஒன்றையே கருதினால், ஆம், ஒன்றுதான். வளைக்கப்படும் பலகைக்கு அவ்வாறன்று. ஒரு மர அளவுகோலைத் தட்டையாகப் பிடித்து வளையுங்கள்; எளிதில் வளையும். அதையே விளிம்பு மேலாகத் திருப்பி வளைக்கப் பாருங்கள். கோலின் அகலம் 2.5 சென்டிமீட்டரும் தடிப்பு அரை சென்டிமீட்டரும் ஆனால், இப்போது அது 25 மடங்கு விறைப்புடையது. பொருள் மாறவில்லை, எடையும் கூடவில்லை. அகலம் குறைந்தாலும் வளைக்கும் திசையில் உள்ள கனம் கூடிற்று. அந்தக் கனம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது விதி.

இலேசான பொருளின் வாய்ப்பு இங்கேதான் திறக்கிறது. அடர்த்தி குறைந்த பொருளைச் சற்றுத் தடிப்பாக வைத்தாலும் எடை ஏறாது. தடிப்போ மும்மடிப் பெருக்கத்தில் பயன் தருகிறது. எஃகுத் தகடு ஒன்றுக்குச் சமமான விறைப்பை அலுமினியத் தகட்டில் பெற வேண்டுமானால் தடிப்பை 1.44 மடங்காக்கினால் போதும், எடை பாதியாகிவிடும். ஸ்புரூஸ் பலகையானால் தடிப்பு சுமார் 2.8 மடங்கு வேண்டும். எடையோ எஃகின் எடையில் ஏழில் ஒரு பங்கே! மரம் பழங்காலத்துப் பொருள் என்று இகழ்வோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊர் மூங்கில் ஏணி இக்கணக்கை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. மூங்கில் நடுவில் பொருளை வைத்து வீணாக்காமல் சுற்றிலும் சுவராக வைத்திருக்கிறது. அச்சுவரிலும் வலுவான நார்கள் வெளிப்புறத்தில்தான் நெருங்கியிருக்கின்றன. குழாய் நசுங்காதபடி கணுக்கள் காக்கின்றன.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் செய்த 'மாஸ்கிட்டோ' விமானம் மரத்தால் ஆனது. 1940 நவம்பர் 25ஆம் நாள் அது முதன்முதலாகப் பறந்தது. உடற்பகுதியின் சுவர், பால்சா என்னும் மிக இலேசான மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகையைப் பிணைத்துச் செய்யப்பட்டது. வலிய தோல் வெளியே, இலேசான உள்ளீடு நடுவே. மும்மடி விதியை இதைவிட அழகாகப் பயன்படுத்த இயலாது. நாற்காலியும் மேசையும் செய்துவந்த தச்சுப் பட்டறைகளும் இதன் உறுப்புகளைச் செய்தன. அக்காலத்துப் போர் விமானங்களுள் மிக விரைந்து செல்வனவற்றில் அதுவும் ஒன்று. ஆயினும் 1944இல் இந்தியாவில் இருந்த சில மாஸ்கிட்டோக்கள் வானிலேயே இறக்கை முறிந்து விழுந்து, விமானிகள் உயிரிழந்தனர். ஆராய்ந்தபோது பசை மூட்டுகளில் குறை காணப்பட்டது; நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் அதற்குத் துணைபோயினவா என்பதும் ஆராயப்பட்டது. விறைப்புக் கணக்கில் மரம் தேறியது, பசை தேறவில்லை.

உலோகத்தின் பக்கம் 1906இல் ஆல்பிரெட் வில்ம் என்னும் ஜெர்மானியர் கண்டதைச் சொல்லியாக வேண்டும். அலுமினியத்தோடு சிறிது செம்பும் மக்னீசியமும் கலந்து, காய்ச்சி, நீரில் தோய்த்துச் சில நாள் சும்மா வைத்தால், அது தானே வலுப்பெறுவதை அவர் கண்டார். டியூராலுமின் எனப்படும் அக்கலவையின் வலிமை தனி அலுமினியத்தைவிடப் பல மடங்கு. விறைப்பு மட்டும் பழைய 70ஐ ஒட்டியே நிற்கிறது என்று நான் சொல்லாமலே அறிவீர்கள்.

எல்லாப் பொருளுக்கும் ஈவு 25தான் என்னும் வேலியைத் தாண்டியது கார்பன் இழை. இழைகளை ஒரே திசையில் அடுக்கிப் பிசினில் பதித்த கூட்டுப்பொருளின் ஈவு, அத்திசையில், எஃகினுடையதைப் போல மூன்று மடங்கு வரை வருகிறது. 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தார் இதனைச் செய்யும் முறையை வகுத்தனர். ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் தன் ஆர்பி 211 விமான எஞ்சினின் முன்விசிறி அலகுகளை இதனாலேயே செய்ய முற்பட்டது. எடையில் பெரும் மிச்சம், விறைப்பிலும் குறையில்லை. ஆனால் பறக்கும் எஞ்சினுக்குள் பறவை புகுவதுண்டு. 1970இல் இறந்த பறவையை எறிந்து சோதித்தபோது அலகுகள் சிதறிவிட்டன. நிறுவனம் டைட்டானியத்துக்குத் திரும்பியது. எஞ்சினுக்கான செலவு எல்லை கடந்து பெருகியதால், 1971 பிப்ரவரியில் அப்பெரும் நிறுவனமே நொடித்துப்போய் அரசாங்கத்தின் கைக்கு மாறியது. நொடித்ததற்கு அலகுகள் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமன்று. ஆனால் விறைப்பு, வலிமை, இலேசு என்னும் மூன்றுக்கும் அப்பால், அடியைத் தாங்கும் திறம் என்னும் நான்காவது ஒன்று உண்டு என்பதை அந்தப் பறவை காட்டிற்று. பின்னாளில் வேறொரு நிறுவனம் கூட்டுப்பொருள் அலகின் முன்விளிம்பில் டைட்டானியக் கவசம் பூட்டியது. அத்தகைய எஞ்சின்கள் 1995 முதல் பறக்கின்றன.

நம் நாட்டுச் செய்தி ஒன்று. ஏவுகணை வளிமண்டலத்துள் மீண்டும் நுழையும்போது எழும் கடும் வெப்பத்தைத் தாங்க, ஐதராபாத்தில் அப்துல் கலாம் அவர்களின் குழுவினர் மிக இலேசான கார்பன் கூட்டுப்பொருளை உருவாக்கினர். அங்கே வந்த நிஜாம் மருத்துவக் கழக எலும்பு மருத்துவர் ஒருவர், அதைக் கையில் தூக்கிப் பார்த்து வியந்து, கலாம் அவர்களைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இளம்பிள்ளைவாதத்தால் கால் நலிந்த சிறுவர் சிறுமியர் 3 கிலோகிராமுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கிகளை இழுத்துக்கொண்டு நடப்பதை அங்கே அவர் கண்டார். மூன்று வாரத்தில் 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் உருவாயின. குழந்தைகள் அவற்றை அணிந்து ஓடியாடியதைக் கலாம் அவர்களே பலமுறை மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள்.

பொருளின் விலையை எண்ணினால் இரும்பு மலிவு. வளைந்தால் ஊர்ப் பட்டறையிலேயே நிமிர்த்திக்கொள்ளலாம். கூட்டுப்பொருள் விரிந்தால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். வளரும் பிள்ளைக்கோ தாங்கியை அவ்வப்போது மாற்றியாகவும் வேண்டும். இவை பொருள் தேர்வோர் விட்டுவிடக் கூடாத கணக்குகளே. ஆனால் அந்த மருத்துவமனைக் கூடத்தில், ஒவ்வோர் அடிக்கும் 3 கிலோகிராமைத் தூக்கி வைத்த பிள்ளையின் முன்னால், முதலில் போட வேண்டிய கணக்கு எடைக்கணக்காகவே இருந்தது.