கோபம் கிளம்பும் நேரமும் மனசு தாங்கும் பலமும்

(தோட்டக் குடும்பங்களுக்கான நலன்புரிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மலையிலிருந்து இறங்கி, கூடையை வைத்துவிட்டு, அடுப்புக்கூடப் பற்றவைக்காமல் இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருவோம். கோபமும் பயமும் மனவேதனையும் நமக்குள் எப்படிக் கிளம்புகின்றன, அவற்றைத் தாங்கும் பலம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். கொழுந்து நிறுக்கும்போது இரண்டு கிலோ குறைகிறது. அரைப்பேர் என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கே வாய் திறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் விறகு ஈரம், காம்பிரா முழுக்கப் புகை. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தேத்தண்ணியைக் கொட்டிவிடுகிறது. கை ஓங்கி அடித்துவிடுகிறோம். அடித்த பிறகுதான், "ஐயோ, இந்தப் பச்சைப்பிள்ளை என்னா செஞ்சிச்சு?" என்று மனசு கிடந்து தவிக்கிறது. பிள்ளை செய்தது சின்னத் தவறு. தராசடியில் அடக்கிவைத்த கோபந்தான் பிள்ளையின் முதுகில் இறங்கியது.

இது ஏன் நடக்கிறது? மலையில் குளவிக்கூடு கலைந்தால் நாம் யோசித்துக்கொண்டா நிற்கிறோம்? கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறோம். அந்த நொடியில் அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமாகிறது, கை கால் முறுக்கேறுகிறது. நிதானமாக யோசிக்கிற வேலையை மூளை கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்கிறது. உயிரைக் காப்பாற்றத்தான் உடம்பு இப்படிச் செய்கிறது. ஆனால் கடன்காரர் வாசலில் வந்து சத்தம் போட்டாலும், பலர் முன்னால் ஒருவர் நம்மை மட்டமாகப் பேசினாலும், உடம்பு அதே மாதிரித்தான் கிளம்புகிறது. குளவி என்றால் ஓடித் தப்பலாம். கடனை விட்டு எங்கே ஓடுவது? ஓட முடியாத அந்த வேகந்தான் அடியாகவும் கெட்ட வார்த்தையாகவும் வெளியே வருகிறது. சிலருக்கு அது உள்ளேயே திரும்பி, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற நினைப்பாக மாறிவிடுகிறது.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் வருவதில்லை. சிலர் பிறவியிலேயே சட்டென்று சூடாகிறவர்கள். சிலர் மெதுவாகச் சூடாகி, மெதுவாகவே ஆறுகிறவர்கள். பசி, தூக்கமின்மை, இரத்தச்சோகை இருந்தால் சின்ன விஷயமும் பெரிதாகத் தெரியும். கசிப்போ சாராயமோ உள்ளே போனால் கையையும் வாயையும் தடுக்கிற கட்டுப்பாடு முதலில் போய்விடும். பெரிய பயத்தைக் கண்டவர்களுக்கும் மனசு எளிதில் பதறும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண்சரிவு வந்து லயங்களை மூடியது. அப்படி ஒன்றைக் கண்டவர்களுக்குத் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவர்களைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லக்கூடாது. பட்ட பயத்தை உடம்பு இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் நம்மை நாமே கவனிப்போம். கோபம் வருமுன் நமக்கு என்ன அடையாளம் தெரிகிறது? ஒருவருக்குக் காது சுடும், ஒருவருக்குப் பல் இறுகும், ஒருவருக்கு வயிற்றைப் பிசையும். எந்த நாளில், எந்த நேரத்தில் அதிகம் வருகிறது? சம்பள நாளன்றா, கடைக்கணக்குப் பார்க்கும்போதா? இதைத் தெரிந்துவைத்திருப்பவர் கொஞ்சம் முந்திக்கொள்ளலாம்.

அடையாளம் தெரிந்தவுடன் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். "நான் பீலிக்குப் போயிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் முகத்தைக் கழுவுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். பத்துத் தடவை செய்தால் நெஞ்சுப் படபடப்புக் குறைவது தெரியும். பேச வேண்டியதைப் பிறகு பேசலாம். போகிறவரை மறித்து, "எங்க ஓடுறே, பதில் சொல்லிட்டுப் போ" என்று வீட்டில் உள்ளவர்கள் வம்புக்கு இழுக்கக்கூடாது.

அடுத்து ஒரு கசப்பான விஷயம். அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. ஒரு சண்டை, ஒரு ஏச்சு, பரீட்சையில் ஒரு தோல்வி என்று, ஒரு நேரத்து வேகத்தில் உயிரைப் போக்கிக்கொண்ட பிள்ளைகள் நம் லயங்களிலும் உண்டு. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் இப்படி இறந்தார்கள். அது உலகிலேயே மிக உயர்ந்த கணக்குகளில் ஒன்று. அதன்பின் இருபது வருடங்களில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. நாட்டில் வறுமை ஒழிந்ததா? இல்லை. யுத்தமும் 2009 வரை நடந்தது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் அரசாங்கம் படிப்படியாகத் தடைசெய்ததுதான் முக்கிய காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்த வேகம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இறங்கிவிடும். அந்த நேரத்தைக் கடந்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு வாழத்தான் செய்கிறார்கள். ஆகவே மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கும் மருந்தைக் காம்பிராவில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வெளியே பூட்டிவையுங்கள். யாராவது பேச்சுக் குறைந்து ஒதுங்கி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. மனசில் இருப்பதைச் சொல்ல ஒரு வழிதான் கிடைக்கும். "ஆமா" என்று சொன்னால் அவரைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் தொலைபேசி எடுக்கலாம்.

சரி, தாங்கும் பலம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில் காவாய் என்று ஒரு தீவு. அந்தக் காலத்தில் அங்கேயும் தோட்டங்கள்தான் இருந்தன, கரும்பும் அன்னாசியும். நம் பாட்டன் பூட்டன் போலவே, கூலிக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் சந்ததிகள் அங்கே ஏராளம். 1955இல் அந்தத் தீவில் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வேர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு அம்மையாரும் அவர்களோடு இருந்தவர்களும் நாற்பது வயது வரை கவனித்து வந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, வீட்டுச் சண்டை, தகப்பனின் குடி என்று பல கஷ்டங்களோடு வளர்ந்தவர்கள். அப்படி வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்ல நிலைக்கு வந்தார். இளவயதில் தடம் மாறிய பலரும் நாற்பது வயதுக்குள் தேறிவிட்டார்கள்.

தேறியவர்களுக்கு உதவியது என்ன? பணமல்ல. அந்தப் பிள்ளைமேல் உண்மையான அக்கறை வைத்த ஒரு பெரியவராவது இருந்தார். தாய் தகப்பன்தான் என்றில்லை, பாட்டியோ பக்கத்து வீட்டாரோ வாத்தியாரோ. அதோடு, வீட்டில் தங்களை நம்பி விட்ட ஒரு பொறுப்பும் அவர்களில் பலருக்கு இருந்தது.

அந்த ஒருவராக இருக்க நம் ஒவ்வொருவராலும் முடியும். தாய் வெளிநாட்டுக்குப் போன பிள்ளைக்கு அம்மாயி அப்படி இருக்கலாம். பக்கத்துக் காம்பிராவில் சண்டை வந்தால், பயந்து நிற்கும் பிள்ளையை, "வா சாமி, ஒரு வாய் சாப்பிடு" என்று நீங்கள் கூப்பிடலாம்.

மூச்சை இழுத்து விட்டால் சம்பளம் கூடிவிடும், ஒழுகுகிற கூரை சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டிய இடத்தில் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்பதற்கும் நிதானம் வேண்டும், கேட்கிறவர்கள் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கவேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். மருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.