குறுக்கே வந்த தகப்பன்



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பேசுவதுதான் வழக்கம். நாம் இன்று ஒரு டென்னிஸ் குடும்பத்தைப் பற்றிப் பேசலாம். டென்னிஸ் நம் சேரிக்கு வந்த ஆட்டமில்லை. கபடி வந்தது, கால்பந்து வந்தது, கேரம் போர்டு வந்தது. ஆனாலும் வீனஸ், செரினா என்ற பெயர்களை அறியாதவர் இந்த அரங்கில் இருக்கமாட்டீர்கள். அவர்களுடைய தகப்பனும் பயிற்சியாளருமான ரிச்சர்ட் வில்லியம்ஸ் நமக்கு எதற்குத் தேவைப்படுகிறார் என்பதே கேள்வி.

ஏகலைவன் கதையைச் சொல்லிச் சொல்லி நமக்கே அலுத்துவிட்டது. கட்டைவிரலைப் பேசுகிறோம், துரோணரைப் பேசுகிறோம். ஏகலைவனுக்கு ஒரு தகப்பன் உண்டு. நிஷாதர்களின் தலைவன், இரண்யதனுசு. பாரதம் அவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பிள்ளையிடம் விரலைக் கேட்ட இடத்தில் அவர் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

வீனஸுக்கு 14 வயது இருந்தபோது எடுத்த ஒரு தொலைக்காட்சிப் பேட்டி இருக்கிறது. ஜெயிப்பேன் என்று சொல்கிறாள் சிறுமி. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று வெள்ளை நிருபர் துருவுகிறார். நம்புகிறேன், அதனால் சொல்கிறேன் என்கிறாள். அவர் விடவில்லை. அப்போது ரிச்சர்ட் குறுக்கே வருகிறார். அவள்தான் பதில் சொல்லிவிட்டாளே, ஒரு கறுப்புக் குழந்தையின் தன்னம்பிக்கையை ஏன் கிள்ளிப் பார்க்கிறீர்கள் என்கிற தொனியில் பேட்டியையே நிறுத்துகிறார். நாம் தேடிய தகப்பன் அவர்தான்.

ரிச்சர்ட் 1942இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில் பிறந்தவர். பள்ளி, பேருந்து, குடிதண்ணீர்க் குழாய் வரை நிறம் பார்த்துப் பிரித்திருந்த தெற்கு அது. இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ருமேனிய வீராங்கனை விர்ஜினியா ருசிச்சி ஒரு போட்டியில் வென்று 40,000 டாலர் காசோலை வாங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிறக்காத மகள்களுக்குப் பக்கம் பக்கமாகத் திட்டம் எழுதினார். ஆட்டம் தெரியாது, புத்தகமும் வீடியோவும் பார்த்துக் கற்றார். சமூகவியலில் பியர் பூர்தியூ ‘பண்பாட்டு மூலதனம்’ என்று ஒன்றைச் சொல்வார். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கிளப்பிலும் சாப்பாட்டு மேசையிலும் தானாக வந்து சேர்வதை இந்த மனிதர் தாளில் எழுதி எழுதித் திரட்டவேண்டியிருந்தது. இதற்குப் பிறகு ‘தகுதி, திறமை’ பேசுகிறார்கள்!

காம்ப்டனின் பொது மைதானத்தில், ஒரு தள்ளுவண்டி நிறையப் பழைய பந்துகளோடு பயிற்சி நடந்தது. அம்மா ஒரசீன் பிரைஸ் செவிலியர். அவரும் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு மகள்களுக்குப் பயிற்சி தந்தவர். 2021இல் வந்த படத்துக்கு ‘கிங் ரிச்சர்ட்’ என்று பெயர் வைத்தார்கள். ராணியின் பெயரில் படம் வரவில்லை. நம் இயக்க வரலாறுகளிலும் இதுதான் நடக்கிறது.

நம்மைத் தூங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. பயிற்சி நடக்கும்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வரவழைத்து, காசு கொடுத்து, மகள்களை நிறம் சொல்லித் திட்டவைத்ததாக ரிச்சர்ட் சொல்லியிருக்கிறார். நாளை அரங்கில் கேட்கப்போவதை இன்றே கேட்டுவிடட்டும் என்ற கணக்கு. கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் அம்மாக்களும் பயிற்சி தந்தவர்கள்தானே? ஊர்த்தெருவில் சைக்கிளைவிட்டு இறங்கிவிடு, எதிர்த்துப் பேசாதே, சாதிப்பேரைச் சொன்னால் காதில் விழாததுபோல வந்துவிடு. அது உயிரைக் காப்பாற்றும் பயிற்சி. அதைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. அவர்கள் குரலைத் தாழ்த்தப் பழக்கினார்கள். ரிச்சர்ட், திட்டு காதில் விழ விழ அடுத்த பந்தை அடிக்கப் பழக்கினார். வித்தியாசம் அவ்வளவுதான், அது சின்ன வித்தியாசமில்லை. விளையாடப் போகும் குழந்தை முதலில் வசை வாங்கப் பழகவேண்டியிருக்கிறதே, அந்த நோய் அவருடையதா?

ஆனால் அவர் பிள்ளைகளை வதைத்துப் பதக்கம் பறிக்கும் தகப்பனாகவும் இருக்கவில்லை. தெற்குக் கலிபோர்னியாவில் 12 வயதுக்குட்பட்டோரில் வீனஸ் முதலிடத்தில் இருந்தபோதே, 1991 வாக்கில், மகள்களை இளையோர் போட்டிகளிலிருந்து விலக்கினார். பள்ளிப்படிப்பு ஒரு காரணம், வெள்ளைப் பெற்றோர்களின் பேச்சு இன்னொன்று.

2001 மார்ச், இந்தியன் வெல்ஸ். காயத்தால் வீனஸ் அரையிறுதியிலிருந்து விலக, ரிச்சர்ட்தான் ஆட்டத்தை முடிவுசெய்கிறார் என்று வதந்தி. இறுதிப்போட்டியில் 19 வயது செரினாவை அரங்கமே கூச்சலிட்டு இழிவுபடுத்தியது. இருக்கைக்கு இறங்கிவந்த ரிச்சர்ட் முஷ்டியை உயர்த்தினார். செரினா முதல் செட்டை இழந்து, பிறகு ஜெயித்தார். 2015 வரை அந்த ஊருக்கு ஆடப் போகவில்லை.

2021 ஆகஸ்டில் டோக்கியோவில் இந்திய மகளிர் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றது. ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டுமுன் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள். சில நாள் முன்புதான் அவர் ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் ஆகியிருந்தார். அவரை ஆடவிட்ட தகப்பன் அந்த ஆண்டு மே மாதமே இறந்துபோயிருந்தார்.

ரிச்சர்டைச் சிலையாக்க வேண்டியதில்லை. முதல் மனைவியின் பிள்ளைகளை விட்டுப்போனார் என்று அவருடைய இன்னொரு மகளே பொதுவெளியில் குற்றம் சாட்டியிருக்கிறார். அதையும் சேர்த்தே படிப்போம். நமக்கு வேண்டியது அவர் விட்டுச்சென்ற வழிமுறை.

அது பரவியது. ஹெய்தியைச் சேர்ந்த லெனார்ட் பிரான்சுவா டென்னிஸ் ஆடியவரே இல்லை. 1999 பிரெஞ்சு ஓப்பனில் வில்லியம்ஸ் சகோதரிகள் இரட்டையர் பட்டம் வென்றதைப் பார்த்து, ரிச்சர்டின் வழியிலேயே தன் இரு மகள்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இளையவள் நவோமி ஒசாகா. 2018 அமெரிக்க ஓப்பன் இறுதியில் செரினாவையே வென்றார். தகப்பனிடம் பயிற்சி பெற்ற இன்னொரு கறுப்புப் பெண் கோகோ காஃப், 2019 விம்பிள்டனில் 15 வயதில் வீனஸைத் தோற்கடித்துவிட்டு, கைகுலுக்கும்போது அவருக்கு நன்றி சொன்னார்.

2020 அமெரிக்க ஓப்பனில் ஒசாகா ஏழு ஆட்டங்களுக்கு ஏழு முகக்கவசங்கள் அணிந்துவந்தார். ஒவ்வொன்றிலும் நிறவெறிக்கும் காவல்துறை வன்முறைக்கும் பலியான ஒரு கறுப்பரின் பெயர். பட்டம் வென்றதும், என்ன செய்தி சொல்ல விரும்பினீர்கள் என்று கேட்டார்கள். உங்களுக்கு என்ன செய்தி கிடைத்தது, கேள்வி அதுதான் என்றார் ஒசாகா.