அடங்கிய வீதியும் அடங்காத வேலையிடமும்

(காஜாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்குப் புதியதன்று. நாம் எல்லோரும் கடந்து வந்த ஒரு காலத்தைப் பற்றியது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கோவிட்-19 எனும் கொடிய நோய் பரவாதிருக்க, மக்கள் வீட்டிலேயே இருக்குமாறு அரசாங்கம் பணித்தது. பள்ளிகள் மூடப்பட்டன. கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கதவடைத்தன. குடும்பத்திற்கு ஒருவர் மட்டுமே சாமான் வாங்க வெளியே செல்லலாம் என்றும், வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் செல்ல வேண்டும் என்றும் விதி வந்தது. 22ஆம் நாள் முதல் காவல் துறையினருடன் இராணுவத்தினரும் சாலைத் தடுப்புகளில் நின்றனர்.

சத்தே மணக்கும் நமது காஜாங் நகரை அந்நாட்களில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடையில் அமர்ந்து உண்ணத் தடை. பொட்டலம் கட்டி எடுத்துச் செல்லத்தான் அனுமதி. மாலையில் வாகனம் நிறுத்த இடமின்றித் தவிக்கும் வீதிகளில் ஆளரவம் அற்றுப் போயிற்று. ‘ஊர் அடங்கிவிட்டது, இனி நோயும் அடங்கிவிடும்’ என்றே பலரும் எண்ணினர். அந்த எண்ணம் பாதிதான் சரி. மறுபாதி எது என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ஊர் எவ்வளவு அடங்கியது என்பதை எப்படி அளப்பது? இதற்கு அந்நாட்களில் ஒரு வழி இருந்தது. கையடக்கத் தொலைபேசி வைத்திருப்போர் எங்கெங்கே செல்கின்றனர் என்பதை, பெயரை நீக்கிவிட்டு, கூட்டமாகத் தொகுத்துக் கூகிள் நிறுவனம் 2020 ஏப்ரல் முதல் 2022 அக்டோபர் வரை அறிக்கையாக வெளியிட்டு வந்தது. கடைகளும் பொழுதுபோக்கு இடங்களும், மளிகைக் கடைகளும் மருந்தகங்களும், பூங்காக்கள், பேருந்து இரயில் நிலையங்கள், வேலையிடங்கள், வீடுகள் என இடங்கள் ஆறு வகையாகப் பிரிக்கப்பட்டன. 2020 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரையிலான ஐந்து வாரங்களைச் சாதாரண நாட்களாகக் கொண்டு, அவற்றோடு ஒவ்வொரு நாளும் ஒப்பிடப்பட்டது.

இதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ஒரு தோட்டத்தின் பிரட்டுக் களத்திற்கு ஐந்து திங்கட்கிழமைகளில் வந்தவர்கள் 200, 210, 190, 60, 205 பேர் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் வந்தது பெருநாளை ஒட்டிய திங்கட்கிழமை. ஐந்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்தப் பெருநாள் கணக்கைக் கெடுத்துவிடும். ஆகவே சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அது 200. பிறகு கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு திங்கட்கிழமை 50 பேர் மட்டும் வந்தால், வருகை நூற்றுக்கு 75 பங்கு குறைந்தது என்று எழுதுவார்கள். திங்களைத் திங்களோடுதான் ஒப்பிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமையோடு அன்று.

இந்த அளவை பயனுள்ளதே. ஆயினும் அது சொல்லாதவையும் உண்டு. தொலைபேசி இல்லாத பாட்டியை அது எண்ணாது. சிலாங்கூர் மாநிலம் முழுமைக்கும் ஓர் எண் சொல்லப்படும்போது, காஜாங்கின் உணவுக் கடையும், பாலாக்கோங்கின் தொழிற்சாலையும், உலு லங்காட்டின் தோட்டமும் அந்த ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையிடத்திற்குச் செல்வோர் பாதியாகக் குறைந்தனர் என்று அந்த எண் கூறினால், மீதிப் பாதிப் பேர் யார் என்று அது கூறாது.

அந்த மீதிப் பாதிப் பேரைத்தான் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும், பெருமக்களே! கணக்கரும் எழுத்தரும் கணினியின் முன் அமர்ந்து வீட்டிலிருந்தே வேலை செய்தனர். மருத்துவமனைத் தாதி வீட்டிலிருந்து வேலை செய்ய இயலுமா? குப்பை அள்ளுபவரும், லாரி ஓட்டுநரும், உணவுத் தொழிற்சாலையில் நிற்பவரும், கையுறைத் தொழிற்சாலையில் இரவு முறை பார்ப்பவரும் வீட்டிலிருந்து அதனைச் செய்ய இயலுமா? பால்மரத்தைத்தான் வீட்டு வாசலுக்குக் கொண்டுவர இயலுமா? பிறர் வீட்டில் இருப்பதற்காகச் சிலர் வெளியே செல்ல வேண்டியிருந்தது. வீதி அடங்கியபோதும் வேலையிடம் அடங்காததன் காரணம் இதுவே.

நோய் அந்த இடங்களைத் தேடி வந்தது. உலகம் முழுவதும் மருத்துவர்களுக்குக் கையுறை தேவைப்பட்ட காலம் அது. உலகில் பயன்படும் கையுறைகளில் பாதிக்கு மேல் நம் நாட்டிலிருந்தே சென்றன. கிள்ளான், மேரு வட்டாரத்துக் கையுறைத் தொழிற்சாலைகளில் வேலை மும்முரமாக நடந்தது. 2020 நவம்பர் மாதத்தில் அங்குத் ‘தெராத்தாய்’ எனப் பெயரிடப்பட்ட தொற்றுத் திரள் வெடித்தது. அம்மாதம் 23ஆம் நாள், தொழிலாளர்களில் 2,400க்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டிருப்பதாகவும், 28 தொழிற்சாலைகள் கட்டங்கட்டமாக மூடப்படும் எனவும் அறிவிக்கப்பட்டது. பிறரைக் காக்கும் கையுறையைச் செய்தவர்களே நோய்க்கு இலக்காயினர். அவர்கள் வேலையிடத்தில் மட்டும் நெருங்கி நிற்கவில்லை. விடுதியில் நெருங்கிப் படுத்து, ஒரே வாகனத்தில் நெருங்கிப் பயணமும் செய்தனர்.

அண்டை நாடான சிங்கப்பூரிலும் இதே பாடம்தான். 2020 ஏப்ரல் 7ஆம் நாள் முதல் அந்நகரின் வீதிகள் வெறிச்சோடின. ஆனால் கட்டுமானத் தொழிலாளர்கள் தங்கியிருந்த பெரிய விடுதிகளில் நோய் காட்டுத்தீயாய்ப் பரவியது. அவ்விடுதிவாசிகளுள் தமிழகத்திலிருந்து சென்ற நம் உறவுகளும் பலர். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான அரசாங்கக் கணக்கின்படி, விடுதித் தொழிலாளர்களில் நூற்றுக்கு 47 பேரை நோய் தொட்டிருந்தது.

சென்னையிலோ வேறொரு வகையில் கூட்டம் சேர்ந்தது. 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்களுக்கு முழு ஊரடங்கு என அறிவித்தவுடன், முதல் நாள் மக்கள் காய்கறி வாங்கக் கோயம்பேடு சந்தையில் திரண்டனர். பின்னர் அச்சந்தை பெரியதொரு தொற்று மையமாயிற்று. மே மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டது. நாமும் இதற்கு விலக்கன்று. நம் ஆணை தொடங்குவதற்கு முதல் நாள், மாநிலம் விட்டு மாநிலம் செல்ல அனுமதி பெறுவதற்காகக் காவல் நிலையங்களில் பெருங்கூட்டம் கூடியதை நினைவில் வைத்திருப்பீர்கள். கூட்டம் மறைந்துவிடுவதில்லை, ஓரிடத்தில் தடுத்தால் மற்றோரிடத்தில் போய்ச் சேர்கிறது.

நம் உலு லங்காட் மாவட்டமும் தொடக்கத்திலேயே சோதனைக்கு உள்ளானது. 2020 மார்ச் 30ஆம் நாள் முதல் இரண்டு வாரங்களுக்குச் சுங்கை லூய் பகுதியின் ஏழு கிராமங்கள் கடுமையான கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு தைப்பூசத்தின்போது பத்துமலையில் காவடிகள் இல்லை; பக்தர் வெள்ளம் இல்லை. 2021 ஜூன் 1ஆம் நாள் முழு அடைப்பு வந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன், மே 29ஆம் நாள், ஒரே நாளில் 9,020 பேருக்கு நோய் கண்டது. அடைப்புக்குப் பின்னரும் எண்ணிக்கை ஏறியது. ஆகஸ்டு 26ஆம் நாள் 24,599ஐ எட்டியது. உருமாறிய டெல்டா கிருமியின் வேகம் அதற்கு ஒரு காரணம். இயங்கிக்கொண்டிருந்த வேலையிடங்களில் தொற்றுத் திரள்கள் தொடர்ந்து தோன்றியது மற்றொரு காரணம். தடுப்பூசி பெருமளவில் போடப்பட்ட பின்னரே நிலைமை திரும்பியது. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தடுப்பூசியை முழுமையாகப் பெற்றதும், 2021 அக்டோபர் 11ஆம் நாள் மாநில எல்லைகள் மீண்டும் திறக்கப்பட்டன. ஆயினும் இந்நோயால் நம் நாடு இழந்த உயிர்கள் 37,000க்கும் மேல். அவர்களுள் நம் அண்டை வீட்டாரும் உண்டு. நம் உறவினரும் உண்டு.

தோட்டத்து மக்களுக்குத் தொற்றுநோய் புதியதன்று. கப்பலில் வந்த நம் முன்னோர் பினாங்கின் ஜெரஜாக் தீவிலும், அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகத்திலும் தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த விஷக் காய்ச்சல் மலாயாத் தோட்டங்களில் பெருத்த உயிர்ச்சேதத்தை உண்டாக்கியது. நெருக்கமான லயங்களும் மருத்துவ வசதியின்மையும் அன்று நம் மக்களை வாட்டின. ஆகவே, அடுத்த நோய் வருமா என்று கேட்பதைவிட, வரும்போது நாம் எப்படி இருப்போம் என்று கேட்பதே அறிவுடைமை.

முதலாவதாக, கூட்டம் எங்கே சேர்கிறது என்பதை நாமே கவனிக்க வேண்டும். பால்வெட்டுத் தொழில் இயல்பாகவே இடைவெளி உள்ள தொழில். விடியலில் அவரவர் நிரையில் அவரவர் மரத்தை வெட்டுகிறோம். திறந்த வெளி, நல்ல காற்று. அங்கு ஆபத்து குறைவு. ஆனால் பிரட்டுக் களத்தில் கூடி நிற்கும்போதும், லாரியில் நெருக்கியடித்து ஏறும்போதும், பால் நிறுக்க வரிசையில் நிற்கும்போதும், லயத்தில் கதவடைத்து உறங்கும்போதும் நாம் நெருங்குகிறோம். நெரிசல், அடைபட்ட இடம், நெருங்கிய பேச்சு ஆகிய மூன்றையும் தவிர்க்குமாறு சுகாதார அமைச்சு அந்நாட்களில் சொன்னதன் பொருள் இதுவே. மீண்டும் ஒரு நோய் வருமானால், பிரட்டை இரண்டு நேரமாகப் பிரிக்கவும், லாரியை இரு நடை ஓட்டவும் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

இரண்டாவதாக, நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வராதீர்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகும் என்ற அச்சம் எனக்கு விளங்காமல் இல்லை. அந்த அச்சமே காய்ச்சல்காரரையும் பிரட்டுக் களத்திற்கு அழைத்து வருகிறது. ஆகையால் உங்கள் உரிமையை அறிந்துகொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, மருத்துவர் சான்றிதழோடு சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாட்கள். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 18 நாட்கள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாட்கள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், 2023 முதல் இதற்குப் புறம்பாக 60 நாட்கள் வரை உண்டு.

மூன்றாவதாக, குடியிருப்பு. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தோட்டங்கள் போன்ற இடங்களில் வேலை செய்வோருக்குக் குறைந்தபட்ச வீட்டு வசதி வேண்டும் என்று பிறந்த சட்டம். அது திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளின் தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. பலர் கூடிப் படுக்கும் விடுதியில் ஒருவருக்குக் குறைந்தது மூன்று சதுர மீட்டர் இடம் வேண்டும் என விதி வகுக்கப்பட்டது. உங்கள் பிள்ளைகள் தொழிற்சாலை விடுதியில் தங்கியிருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். குறை இருந்தால் தொழிற்சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் முறையிடலாம். உங்கள் பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். அவர் நோயுற்றால் நாமும் நோயுறுவோம். அவர் நலமாக இருந்தால் நாமும் நலமாக இருப்போம்.

பெருமக்களே! கட்டுப்பாட்டுக் காலத்தில் வீதியில் யாரையேனும் கண்டால், ‘இவருக்கு வீட்டில் இருக்கத் தெரியாதா?’ என்று நம்மில் சிலர் முகம் சுளித்தோம். அவர் வேலை முடிந்து வந்தவராக இருந்திருக்கலாம். மறுபுறம், 2021ஆம் ஆண்டின் நடுவில், வேலை இழந்து உணவுக்கு வழியின்றி வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி ஏற்றியவர்களும் இருந்தனர். அவர்கள் வெளியே வராததால் எந்தக் கணக்கிலும் அவர்களின் பசி தெரியவில்லை. கொடியைக் கண்டு அக்கம்பக்கத்தார் அரிசியும் பருப்பும் கொண்டு சென்றனர். இனம் பார்த்துக் கொண்டு செல்லவில்லை.

ஆகவே, எத்தனை பேர் வெளியே வந்தனர் என்று எண்ணுவது, வந்தவர் மீது பழி சுமத்துவதற்காக அன்று. யாரைக் காக்க வேண்டும் என்று அறிவதற்காகவே எண்ண வேண்டும். வீதி வெறிச்சோடியிருக்கும் நாளில் விடியுமுன் வேலைக்குப் புறப்படும் மனிதருக்குத்தான் நல்ல முகக்கவசமும், நெரிசலில்லாத வாகனமும், காற்றோட்டமுள்ள வீடும், பயமின்றி எடுக்கத்தக்க நோய் விடுப்பும் முதலில் வேண்டும். அந்த மனிதர் நீங்கள்தாம். இதை நீங்களும் மறவாதீர்கள். பிறரையும் மறக்க விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.