பெயருக்குள் எத்தனை கோடுகள்?

குழந்தைகளின் எழுத்துப் பழக்கத்தை ஆராயக் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கு, மாண்டரின் பேசும் சிறுவர்கள் தம் பெயரை எழுதக் கற்கும் கதையிலிருந்து தொடங்குவது பொருத்தம். இத்துறையில் புழங்கும் கருத்துகளில் பல, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைப் பார்த்து உருவானவை. தன் பெயரின் முதல் எழுத்தை ஆங்கிலக் குழந்தை மற்ற எழுத்துகளைவிட நன்றாக அறிந்திருக்கிறது என்று ரெபெக்கா ட்ரீமன் போன்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஓர் எழுத்து வேறு பல சொற்களிலும் தலைகாட்டும்; ஒலிக்கும் துப்புக் கொடுக்கும்.

சீன எழுத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அதனால்தான் லி யின்னும் ட்ரீமனும் மாண்டரின் பேசும் பிள்ளைகளின் பெயர் எழுத்தைத் தனியே ஆராய்ந்து 2013-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். பெரும்பாலும் அது ஓர் எழுத்து. பிள்ளைக்கு இட்ட பெயர் ஒன்றோ இரண்டோ எழுத்து. மொத்தம் இரண்டு மூன்று எழுத்துதானே என்று தோன்றும். சிக்கல் எழுத்துக்குள்ளே இருக்கிறது.

வாங், லி, ஜாங், லியு, ச்சென் ஆகிய ஐந்து குடும்பப் பெயர்களுக்குள் சீன மக்கள்தொகையில் 30 விழுக்காட்டுக்கும் மேல் அடக்கம். இவற்றில் எளியது வாங்: 4 கோடுகள். மேலே ஒரு கிடைக்கோடு, நடுவில் ஒன்று, பிறகு செங்குத்துக் கோடு, கடைசியாக அடிக்கோடு. இந்த வரிசையில்தான் எழுத வேண்டும். வலப்பக்கம் கீழே ஒரு புள்ளி கூடுதலாக விழுந்தால் ஜேட் கல்லைக் குறிக்கும் வேறோர் எழுத்தாகிவிடும். லியு வீட்டுப் பிள்ளையின் பாடு இன்னும் விசித்திரம். பெய்ஜிங்கில் 6 கோடுகளில் முடியும் குடும்பப் பெயர், தைபேயில் 15 கோடுகள் கேட்கும். மக்கள் சீனம் 1956 முதல் எழுத்துகளைச் சுருக்கியது. தைவான் பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டது.

பழைய காலத்துச் சீன ஆசிரியர்கள் கோடுகளின் இந்தச் சுமையைத் தெரிந்தே பாடம் அமைத்தார்கள். சிவப்பில் அச்சிட்ட எழுத்தின் மேல் மையால் எழுதிப் பழகும் தாளில், இரண்டு மூன்று கோடுள்ள எழுத்துகளே முதலில் வரும். சீனாவில் 2017-இல் வந்த முதல் வகுப்புப் பாடநூலும் வானம், நிலம், மனிதன் என்று எளிய எழுத்துகளிலிருந்தே தொடங்கியது. ஆனால் பெற்றோர் பெயர் வைக்கும்போது கோடுகளை எண்ணி, கை பழகுவதற்கு ஏற்றதாகத் தேடுவதில்லை. ஆகவே பிள்ளை எழுத முயலும் முதல் சொல்லே பாடநூலின் படிவரிசைக்கு வெளியே நிற்கிறது. மழலையர் பள்ளியில் தொடக்கப்பள்ளிப் பாடத்தை முன்கூட்டி நடத்தக் கூடாது என்று சீனக் கல்வி அமைச்சகம் 2018-இல் அறிவுறுத்தியதால், இந்த முயற்சிக்கு வீடும் ஒரு பள்ளியாகிறது.

பிள்ளைக்குக் கைகொடுக்க அந்த ஊர்ப் பேச்சிலேயே ஒரு வழக்கம் உண்டு. லி என்பவர் தம்மை அறிமுகப்படுத்தும்போது “மரம், பிள்ளை, லி” என்பார். எழுத்தில் மேலே மரம், கீழே பிள்ளை. ஜாங் என்பவர் “வில், நீளம், ஜாங்” என்பார். இடப்பக்கம் வில், வலப்பக்கம் நீளம். இப்படி உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கும் இடம் பிரிப்பது பெரும்பாடு. வில்லும் நீளமும் விலகிப்போய் இரண்டு எழுத்தாக நிற்கும். நாற்புறமும் கட்டம் கட்டி நடுவே புள்ளிக்கோடுகளால் நான்காகப் பிரித்த பயிற்சித்தாள் இதற்காகவே இருக்கிறது.

இந்த அரங்கில் கட்டுரை படிக்கப்போகும் அறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். “பெயர் எழுதத் தெரியும்”, “தெரியாது” என்ற இரண்டு பத்திகளில் பிள்ளைகளை அடைத்துவிட வேண்டாம். வயதோடு, பெயரின் கோடுகள் எத்தனை, உறுப்புகள் மேல்கீழா பக்கவாட்டா, சுருக்கிய வடிவமா பழைய வடிவமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 4 கோட்டு வாங்கையும் 15 கோட்டு லியுவையும் ஒரே மதிப்பெண்ணால் அளப்பது ஆய்வாகாது.