ஆக்சலாட்டிலும் சென்னை வெயிலும்

வேளச்சேரி அடுக்குமாடி வீட்டில் ஒருவர் ஆக்சலாட்டில் வளர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியைச் சேர்ந்த நீர்ப்பிராணி அது. தவளைக்குத் தூரத்துச் சொந்தம். தலையின் இருபுறமும் இறகு மாதிரி செவுள்கள் இருக்கும்.

ஒரு நாள் அந்தச் செவுளில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறது, இரையையும் தொடவில்லை. பெரும்பாலும் பூஞ்சைதான். உடனே மீன் கடையில் கிடைக்கிற மருந்தை வாங்கி ஊற்றிவிடாதீர்கள். அதன் மெல்லிய தோல் எதையும் உறிஞ்சிவிடும்.

முதலில் தொட்டியில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். அதற்கு ஏற்றது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24-ஐத் தாண்டினாலே தவிக்கும். நம் ஊர் மே மாதத் தண்ணீர் சாதாரணமாகவே 30-ஐத் தொடும்! சூட்டில் அதன் எதிர்ப்புச் சக்தி குறைய, பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

நோய்ப்பட்டதைத் தனித் தொட்டியில், குளோரின் நீக்கிய குளிர்ந்த நீரில் விடுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஐஸ் கட்டியை அள்ளிப் போடாதீர்கள். வெப்பம் சட்டென்று இறங்குவதும் ஆபத்து. தேறவில்லையென்றால், தள்ளிப்போடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறுந்த காலையே மறுபடி வளர்த்துக்கொள்ளும் பிராணிதான் இது. ஆனாலும், தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் கருவி வாங்க வசதியில்லாதவர்கள் இதை வாங்கவே வேண்டாம் என்பேன்.