பொய்யாவணமும் பொருள் வரைவும்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



அவையோரே, விழா மேடையில் மாணவர் விசாவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். சமுதாயத்து இல்லங்கள் பலவற்றில் இன்று மாலைப்பொழுதின் பேச்சே அதுதான். எந்தப் பல்கலைக்கழகம், எந்த முகவர், வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும்? இம்மூன்றில் இறுதி வினாவிலுள்ள 'காட்ட வேண்டும்' என்னும் சொல்லே இவ்வுரைக்குப் பொருள்.

கடல் கடந்து செல்வது அறத்துக்கு ஒவ்வுமோ என்னும் ஐயம் இப்போது பெரும்பாலும் இல்லை. 1893-இல் சிகாகோ சமயப் பேரவையில் சைனத்தின் சார்பில் பேசிய வீர்சந்த் காந்தியின் காலத்திலேயே அவ்வழி திறந்துவிட்டது. திசை விரதம் செல்லும் எல்லையை வகுத்துக்கொள்ளச் சொல்கிறதே அன்றி, பயணத்தையே விலக்கவில்லை.

வந்தவாசிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். மகள் பொறியியல் முடித்தவள்; இங்கிலாந்தில் முதுகலை பயில இடம் கிடைத்துள்ளது. தந்தைக்குச் சிறிதளவு நஞ்சை. தாய்க்குச் சில நகைகள். பல்கலைக்கழகம் சேர்க்கை உறுதிச் சான்றை அதற்குரிய எண்ணுடன் அனுப்பும். ஆறு திங்களுக்கு மேற்பட்ட படிப்பாதலால், இந்தியாவிலிருந்து செல்பவர் காசநோய் இல்லை என்பதற்கு, அந்நாட்டார் ஏற்ற மருத்துவ நிலையத்தில் சோதனை செய்து சான்று பெறவேண்டும். இவை எளிதில் முடிவன.

தாளில் உள்ள பெயர்கள்தாம் முதலில் அலைக்கழிப்பன. பணம் பெற்றோர் கணக்கில் இருப்பின், மகளின் பிறப்புச் சான்றும் பெற்றோரின் இசைவுக் கடிதமும் வேண்டும். தந்தையின் பெயர் பத்திரத்தில் 'தரணேந்திர நயினார்', ஆதாரில் 'தரணேந்திரன்', பிறப்புச் சான்றில் முன்னெழுத்து மட்டும். முதல் தகரத்துக்கு ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'டி', மற்றோரிடத்தில் 'டிஹெச்'. தமிழர்தம் பெயர்முறைக்கும் கடவுச்சீட்டின் குடும்பப்பெயர்க் கட்டத்துக்கும் என்றுமே பொருத்தமில்லை. இதைத் திருத்தவே பல வாரங்கள் செல்லும். இடம் கேட்டு எழுதுமுன்னரே தொடங்குவது நன்று.

அடுத்தது பணம். எஞ்சிய கல்விக் கட்டணமும், ஒன்பது திங்கள் வரையிலான வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள்கள் கணக்கில் இருத்தல் வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நில்லாது. நஞ்சையின் மதிப்பும் நகையின் எடையும் இங்கே எண்ணப்படா. ரொக்கமாக மாறினால்தான் கணக்கு. குறையும் தொகையைக் கண்டு குடும்பம் திகைத்திருக்கும் வேளையில்தான் ஒருவர் வருவார். இருபத்தெட்டு நாளைக்கு உங்கள் கணக்கில் பணம் போட்டு வைக்கிறேன், வட்டி மட்டும் கொடுங்கள் என்பார். எல்லோரும் செய்வதுதானே என்றும் சொல்வார்.

தத்துவார்த்த சூத்திரம் வாய்மை என்னும் அணுவிரதத்துக்கு நேரும் ஐந்து வழுக்களைக் கூறுகிறது. பொய்யறிவுரை, பிறர் மறையை வெளியிடல், பொய்யாவணம் எழுதல், அடைக்கலப் பொருளைக் கவர்தல், குறிப்பால் அறிந்ததை வெளிப்படுத்தல் என்பன அவை. நடுவே நிற்கும் 'கூடலேகக் கிரியை' வட்டிக்கு வாங்கிக் காட்டும் கணக்கை நேரே சுட்டுகிறது. இங்கிலாந்து சென்று சட்டம் பயின்ற ஜகமந்தர்லால் ஜைனி அந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1920-இல் வெளியிட்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

வங்கித் தாள் மெய்யானதுதானே, எவருக்குத் தீங்கு என்று கேட்பார் உளர். தாள் மெய்; அது சொல்லும் செய்தி பொய். வஞ்சகம் வெளிப்பட்டால் பத்தாண்டுகளுக்கு அந்நாட்டு விசா மறுக்கப்படலாம். வெளிப்படாவிடினும் தீங்கு நிற்பதில்லை. இருபத்தொன்பதாம் நாள் பணம் உரியவரிடம் திரும்பிவிடும். பெண் மட்டும் விமானம் ஏறுவாள். அறை வாடகைக்கு முன்பணம் இல்லை. பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே பணி செய்ய இசைவு உண்டு. அவ்வூதியம் போதாதபோது அவள் என் செய்வாள்? விதியை மீறி, பதிவில்லாக் கூலிக்கு, இரவெல்லாம் யாரோ ஒருவர் கடையில் நிற்பாள். பகல் வகுப்பில் கண்ணயர்வாள். ஊரில் தந்தை வட்டி கட்டிக்கொண்டிருப்பார். எறும்புக்கும் இடர் செய்ய அஞ்சும் குலத்தில், பெற்ற மகளுக்குச் செய்யும் இந்த இம்சை எவர் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

பரிக்கிரக பரிமாணம் என்னும் பொருள் வரைதல் இல்லறத்தாரை முதலில் எண்ணச் சொல்கிறது. நிலம், மனை, வெள்ளி, பொன், ஆனிரை, தானியம் எனப் பெயர் சொல்லியே அளவு வகுக்கப்படும். விசாப் படிவமும் அதே வினாவைத்தான் கேட்கிறது: உன்னிடம் இருப்பது எவ்வளவு? அவ்விரதத்தை உண்மையாகக் கொண்ட வீட்டில் இவ்வினாவுக்கு விடை முன்னரே ஆயத்தமாக இருக்கும். கல்விக்கடன் வாங்குவதில் பிழையில்லை. முறையான வங்கி அளிக்கும் கடன் உறுதியை அந்நாட்டார் ஏற்கின்றனர். அது மகளின் படிப்புக்கே செலவாகும் பணம்.

'ஏன் இப்பாடம், ஏன் இந்நாடு' என விளக்கும் நோக்கவுரையையும் விலைக்கு எழுதித் தருவோர் மலிந்துவிட்டனர். நேர்காணலுக்கு அழைக்கப்பட்டால் அவ்வுரையின் சொற்களுக்கே பொருள் தெரியாமல் பிள்ளைகள் விழிக்கின்றனர். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் தன் எழுத்து தன்னுடையது.

அந்தக் குடும்பம் ஒரு மாலை நகையையும் நிலத்தையும் கடனையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கிறது. குறை இருக்கிறது. ஓராண்டு ஒத்திவைக்கலாமா எனப் பல்கலைக்கழகத்தை வினவுகின்றனர், இசைவு கிடைக்கிறது. அவ்வாண்டில் மகள் பணிக்குச் சென்று ஊதியத்தைச் சேர்க்கிறாள். கிழங்கும் வெங்காயமும் இன்றிச் சமைக்கப் பாட்டியிடம் பழகுகிறாள். வங்கிக் கடன் உறுதியாகிறது. மறுவிழாவுக்குப் பின் விண்ணப்பம் செல்கிறது. 28 நாள் கழிந்த பின்னும் பணம் அதே கணக்கில் இருக்கிறது.