செம்பின் இயல்பும் கன்னார் கைத்திறனும்



பாலக்காட்டுக் கணவாய் கடந்து குடியேறிய நம் குடும்பங்களும், மூணாறு மலைத் தோட்டங்களுக்கு ஏறிய நம்மவரும் உடன் கொணர்ந்த பொருள்களுள் செப்புக் குடமும் ஒன்று. அதனைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

செம்பு நீரினும் ஏறத்தாழ 9 மடங்கு கனமுடையது. 1,085 பாகை செல்சியசில் உருகுவது. மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்தது. எழுத்தாணிக்கு இடங்கொடுக்கும், இரும்பைப் போல் துருவேறி உதிராது. அதனாலன்றோ 849-ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு இன்றும் நமக்குக் கிடைத்துள்ளது!

கன்னார் தகட்டைத் தட்டத் தட்டக் குடம் உருப்பெறும்; உடனே செம்பும் இறுகும். மேலும் தட்டின் வெடிக்கும். ஆதலின் இடையிடையே தணலிலிட்டுச் சிவக்கக் காய்ச்சுவர். உள்ளே சிதைந்த படிகங்கள் புதிதாய் வளர, செம்பு மீண்டும் குழையும். காய்ச்சிய எஃகை நீரில் தோய்த்தால் கடினமாகும். செம்போ தோய்த்தாலும் மென்மையாகவே நிற்கும். இழுத்து இறுக்கிய செம்பே நம் இருப்புப்பாதையின் மேல் 25,000 வோல்ட் மின்சாரத்தைத் தாங்கும் தொடுகம்பி.

புளியும் மோரும் பட்டால் களிம்பேறும்; அது நஞ்சு. அதற்கென்றே முன்னோர் உட்புறம் வெள்ளீயம் பூசினர்.

எங்கள் அன்னையார் கொணர்ந்த குடம் நசுங்கியது என்று எடைக்கு விற்றோம். அன்று அவர் ஒன்றும் கூறவில்லை. அம்மௌனம் இன்றும் எங்களை உறுத்துகின்றது. நசுங்கிய செம்பு கெட்ட செம்பன்று. காய்ச்சித் தட்டினால் நிமிரும். விற்குமுன் ஒரு கன்னாரைத் தேடுவோமாக!